இருபது நிமிடத் தூரத்தில் சாளக்கிராமம்

நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் நம் பாரத நாட்டின் எல்லைக்கு அப்பால், இந்நிலவுலகில் அமைந்திருப்பது ஒன்றே ஒன்று. நேபாள நாட்டில், முஸ்தாங் மாவட்டத்தில், முக்திநாத் என்று வழங்கப்பெறும் சாளக்கிராமம் அது. பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் மங்களாசாசனம் செய்த தலம். திருமங்கையாழ்வார் தம் பெரிய திருமொழியில் பத்துப் பாசுரங்களை இத்தலத்துக்கென்றே அருளியிருக்கிறார். இன்னும் வடக்கேயுள்ள தாமோதர குண்டத்தையே ஆதிச் சாளக்கிராமமாகக் கொள்ளும் பெரியோரும் உண்டு. அங்கே செல்வது நம்மைப் போன்ற வயதானவர்களுக்கு இயலாத காரியம். முக்திநாத்தைச் சேவித்தாலே போதும் என்று நிறைவு கொள்வதுதான் வழக்கம்.

இத்தலத்துக்கு என் மனைவியுடனும் என் தமக்கையுடனும் சென்றுவந்த கதையை எழுதுமாறு அன்பர்கள் சிலர் கேட்டார்கள். தல புராணத்தை எழுதப் பலர் இருக்கிறார்கள். போக்குவரத்தில் நாங்கள் பட்டதையும் கற்றதையும் எழுதினால் யாருக்கேனும் பயன்படலாம் என்று தோன்றியதால் அதையே எழுதுகிறேன்.

எனக்கு வயது எழுபத்தொன்று. அக்காவுக்கு எழுபத்தெட்டு. அவர் புகுந்த வீட்டில் நான்கு தலைமுறையாகச் சாளக்கிராம ஆராதனை நடந்துவருகிறது. அத்திம்பேர் ஐம்பது ஆண்டுகள் ஒருநாளும் தவறாமல் திருவாராதனம் செய்தவர். சந்தனம் அரைப்பதும், துளசி பறிப்பதும், தளிகை செய்வதும் அக்காவின் கைங்கர்யம். அத்திம்பேர் திருநாடு அலங்கரித்த பிறகு, "இந்தப் பெருமாள் எந்த ஆற்றிலிருந்து வந்தாரோ, அந்த ஆற்றை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்" என்று அக்கா சொல்லத் தொடங்கினார். ஆறு ஆண்டுகள் சொன்னார். கடைசியில் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். இதயமும் இரத்த அழுத்தமும் வயதுக்கு ஏற்றபடி இருப்பதாகச் சொன்ன அவர், "உயரமான இடம், அவசரப்பட்டு ஏறாதீர்கள்" என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையின் பொருள் எனக்கு அப்போது முழுமையாக விளங்கவில்லை.

யாத்திரைக் குழு ஒன்றில் சேர்ந்தோம். ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து சுனௌலி எல்லை, பிறகு பேருந்தில் ஒரு பகல் முழுவதும் மலைப்பாதை, இருட்டியபின் பொக்கரா. எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தைப் பதினைந்து நிமிடம் முன்னால் திருப்பிவைக்க வேண்டும். நேபாளத்தின் நேரம் நம்முடையதைவிட அவ்வளவு முந்தியது. பதினைந்து நிமிடம்தானே என்று அலட்சியமாக இருந்த எங்கள் குழு அன்பர் ஒருவர் மறுநாள் காலையில் எல்லோரையும் காக்கவைத்தார்.

பொக்கராவிலிருந்து ஜோம்சோம் என்னும் ஊருக்கு விமானத்தில் சென்று, அங்கிருந்து ஜீப்பில் முக்திநாத்தை அடைவது ஏற்பாடு. பொக்கராவுக்கும் ஜோம்சோமுக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர்தான் தூரம். சென்னையிலிருந்து காஞ்சி வரதனைச் சேவிக்கப் போகிறோமே, அவ்வளவே. ஆனால் இடையில் நிற்பவை உலகின் மிக உயர்ந்த சிகரங்களில் இரண்டு: ஒருபுறம் 8,091 மீட்டர் உயர அன்னபூர்ணா, மறுபுறம் 8,167 மீட்டர் உயர தவளகிரி. இவ்விரண்டுக்கும் நடுவே வடக்கிலிருந்து தெற்காகப் பிளந்துகொண்டு ஓடிவருவதுதான் காளி கண்டகி. விமானம் மலையின்மேல் நேராகப் பறப்பதில்லை. பொக்கராவிலிருந்து முதலில் மேற்கே சென்று, கோரேபானி என்ற மலைத்தொடரைத் தாண்டி, ஆற்றின் பள்ளத்தாக்கில் நுழைந்து, பிறகு வடக்கே திரும்புகிறது. இந்தச் சுற்றையும் சேர்த்துப் பறக்கும் நேரம் இருபது நிமிடம். காற்றுக்கேற்ப ஓரிரு நிமிடம் கூடும், குறையும். சாலை வழியே போனால் பாக்லுங், பேனி, தாதோபானி ஊர்களின் வழியாக ஏறக்குறைய 160 கிலோமீட்டர். நல்ல நாளில் எட்டு முதல் பத்து மணி நேரம், மண் சரிந்த நாளில் எவ்வளவு என்று சொல்ல முடியாது. அந்தச் சாலையும் இல்லாத காலத்தில் யாத்திரிகர்கள் பொக்கராவிலிருந்து நாட்கணக்காக நடந்தே சென்றார்கள். ஆழ்வார் காலத்து நடையை நினைத்துப் பார்க்கவே துணிவு வரவில்லை.

ட்வின் ஆட்டர் எனப்படும் சிறிய விமானம் அது. பத்தொன்பது பேர் அமரலாம். நம்மையும் நம் மூட்டையையும் நிறுத்துப் பார்த்தே ஏற்றுகிறார்கள். கைப்பையையும் சேர்த்து பதினைந்து கிலோவுக்குள் இருக்கவேண்டும் என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். என் மனைவி கட்டி எடுத்துவந்திருந்த புளிக்காய்ச்சலையும் பருப்புப்பொடியையும் பொக்கரா விடுதியிலேயே விட்டுவர நேர்ந்தது. அவளுக்கு அதில் இன்னும் வருத்தம்தான். விமானத்தில் ஏறியதும் பணிப்பெண் ஒரு தட்டில் மிட்டாயும் பஞ்சும் நீட்டினாள். பஞ்சு காதில் வைத்துக்கொள்வதற்கு. பெரிய விமானங்களைப் போல உள்ளே காற்றழுத்தத்தைச் சீராக வைக்கும் வசதி இதில் கிடையாது. வெளியே எவ்வளவு மெல்லிய காற்றோ உள்ளேயும் அதுவே.

விமானிகள் இருவரும் நம் கண்ணெதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே தடுப்பு ஏதுமில்லை. அவர்கள் பார்ப்பதை நாமும் பார்க்கிறோம். சுமார் 12,000 அடி உயரத்தில் பறக்கும்போது மலைகள் நமக்குக் கீழே இல்லை. இருபுறமும் நமக்கு மேலே நிற்கின்றன. வலப்புற ஜன்னலில் மச்சபுச்சரே சிகரம் மீனின் வால் போலவே பிளந்து தெரிந்தது. மச்சாவதாரத்தை நினைத்துக் கைகூப்பினேன். கோரேபானியைத் தாண்டியதும் கீழே பச்சை நிறம் மெல்ல மெல்ல மறைந்து, மண்ணும் கல்லும் மட்டுமே நிறைந்த பள்ளத்தாக்கு விரிந்தது. அதன் நடுவே சாம்பல் நிறத்தில் பல கிளையாகப் பிரிந்தும் கூடியும் ஓடியது ஆறு. "அதுதானா?" என்று அக்கா கேட்டார். "அதுதான்" என்றேன். பஞ்சு வைத்த காதில் விழுந்ததோ இல்லையோ, அவர் அதன்பின் ஜன்னலை விட்டுத் திரும்பவே இல்லை.

ஜோம்சோம் ஓடுதளத்தின் நீளம் 739 மீட்டர். சென்னை விமான நிலையத்தின் பெரிய ஓடுதளம் 3,658 மீட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். ஆற்றுக்கும் மலைக்கும் நடுவில் கிடைத்த இடத்தில் போட்டிருக்கிறார்கள். எதிரே நீலகிரிச் சிகரம்! ஆம், பெயர் நம் ஊர்ப் பெயரேதான். ஆனால் இந்த நீலகிரி 7,061 மீட்டர் உயரம், மேலெல்லாம் பனி.

இங்கே விமானங்கள் ஏன் காலையில் மட்டும் வருகின்றன என்பதை அன்பர்கள் அறிந்துகொள்வது நல்லது. பொழுது ஏற ஏற வடக்கேயுள்ள வறண்ட உயர்நிலம் வெயிலில் சூடாகி, அங்குள்ள காற்று மேலெழும்புகிறது. அந்த இடத்தை நிரப்பத் தெற்கேயிருந்து காற்று இந்தக் குறுகிய பள்ளத்தாக்கின் வழியே பாய்கிறது. பதினொரு மணிக்கெல்லாம் ஜோம்சோம் தெருவில் மண் பறக்கும். பிற்பகலில் குடை பிடிக்க முடியாது, பேசினால் வாயில் மணல். ஆகவே விடிந்ததிலிருந்து காற்று எழும் வரையுள்ள சில மணி நேரத்துக்குள் எல்லா விமானமும் வந்து போய்விடவேண்டும். மேகம் மூடியிருந்தாலும் இயலாது. விமானி கண்ணால் வழியைப் பார்த்தே ஓட்டவேண்டிய பாதை இது. 2022ஆம் ஆண்டு மே 29ஆம் தேதி இதே வழியில் சென்ற விமானம் மலையில் மோதி, அதிலிருந்த 22 பேரும் உயிரிழந்தார்கள். அதைப் படித்திருந்த என் மனைவி புறப்படும் முன்பே வீட்டில் ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தாள். விமானம் இன்று போகாது என்று ஒருவர் சொன்னால் கோபிக்கக் கூடாது என்பதை நான் அந்தச் செய்தியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

ஏழு மணிக்குப் பொக்கராவில் புறப்பட்டவர்கள் ஏழரைக்குள் ஜோம்சோமில் நின்றோம். பொக்கரா கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரம். ஜோம்சோம் 2,736 மீட்டர். முக்திநாத் சுமார் 3,700 மீட்டர். அங்கே நாம் இழுக்கும் மூச்சில் கீழே கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கு பிராணவாயுவே கிடைக்கும். அன்றே மேலே சென்று சேவித்துவிட்டு, இரவு ஜோம்சோமில் தங்கி, மறுநாள் காலை விமானத்தில் திரும்பிவிடுவது குழுத் தலைவரின் திட்டம். காகிதத்தில் மிக அழகான திட்டம்.

எட்டரை மணிக்குச் சிற்றுண்டி வந்தது. அக்கா ஒரு வாயோடு தட்டை நகர்த்தினார். தலை வலிக்கிறது என்றார். ஒன்பது மணிக்கு வாந்தி. நான் சென்னையிலிருந்து கொண்டுவந்திருந்த, விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி 79 என்று காட்டியது. ஊரிலிருந்த சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்த இளைஞர் பார்த்துவிட்டு, இந்தியில் நிதானமாகச் சொன்னார்: "இன்று மேலே போகக் கூடாது. இங்கேயே படுத்திருக்கட்டும். தலைவலி கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறக்கிவிடுங்கள். அதுதான் முதல் மருந்து."

அக்கா அதை ஏற்கவில்லை. "இருபத்துநான்கு கிலோமீட்டர் தள்ளிப் பெருமாள் இருக்கிறார். இங்கே படுத்துக்கொள்ளவா வந்தேன்? வழியில் ஏதாவது ஆனால் ஆகட்டும்" என்றார். எழுபத்தெட்டு வயதில் அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டா, இல்லையா? இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஆனால் அவர் மகனிடம் நான் பதில் சொல்லியாக வேண்டும். முடியாது என்று சொன்னேன். என் வாழ்நாளில் அக்காவிடம் நான் குரல் உயர்த்தியது அந்த ஒரு முறைதான். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "நானாவது இருக்கிறேன், நீங்கள் போய்ச் சேவித்துவிட்டு வாருங்கள்" என்று என் மனைவி அவர் அருகில் அமர்ந்துவிட்டாள்.

நான் குழுவோடு போனேன். போயிருக்கக் கூடாது என்று அப்போதே தோன்றியது; இருந்தும் போனேன். கோயிலின் பின்புறம் அரைவட்டமாக அமைந்த 108 கோமுகத் தாரைகளின் கீழே, எல்லோரும் ஓடுகிறார்கள் என்று நானும் ஓடினேன். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. தண்ணீரின் குளிரில் வாயில் திருநாமம்கூட வரவில்லை. சந்நிதியில் ஸ்ரீதேவி பூதேவி சமேதராக எழுந்தருளியிருக்கும் முக்திநாராயணனின் முன்னே நின்றபோது, அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்ததுதான் கண்ணில் நின்றது. மாலையில் ஒரு பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். என்னிடம் பேசவில்லை.

மறுநாள் காலை ஐந்து மணிக்கே மூட்டையோடு விமான நிலையத்தில் உட்கார்ந்தோம். ஜோம்சோமில் வானம் கண்ணாடிபோல இருந்தது. பொக்கராவில் மேகமாம். ஒன்பது மணி, பத்து மணி என்று தள்ளி, பதினொரு மணிக்குக் காற்று எழுந்ததும், இன்று இல்லை என்று அறிவித்துவிட்டார்கள். அதற்கு அடுத்த நாளும் அப்படியே. குழுவிலிருந்தவர்களுக்குக் கோரக்பூரில் ரயில் காத்திருந்தது. அவர்கள் இரண்டு ஜீப் பிடித்துச் சாலை வழியே இறங்கிவிட்டார்கள். எங்களையும் அழைத்தார்கள். அக்காவைப் பார்த்தேன். முதல் நாள் மாலையே தலைவலி தணிந்திருந்தது. அன்று காலையில் இரண்டு தோசைபோன்ற கோதுமை ரொட்டியை உண்டிருந்தார். கருவி 88 காட்டியது. சுகாதார நிலையத்து இளைஞரிடம் மீண்டும் அழைத்துச் சென்றேன். அவர் சிரித்துக்கொண்டே, "இரண்டு இரவு தூங்கிவிட்டார்கள் அல்லவா, உடம்பு இந்த ஊருக்குப் பழகிவிட்டது. மெதுவாகப் போய் வாருங்கள், தலை வலித்தால் பாதியிலேயே திரும்புங்கள்" என்றார்.

ரயில் டிக்கெட் போனால் போகட்டும் என்று முடிவு செய்தோம். தனியாக ஒரு ஜீப் பேசினேன்.

வழியில் காக்பேனியில் நிறுத்தச் சொன்னார் அக்கா. முதல் நாள் குழுவோடு போகையில் நான் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கடந்த ஊர் அது. 2,800 மீட்டர் உயரத்தில், காளி கண்டகியோடு ஜோங் என்ற சிற்றாறு கலக்கும் இடம். பித்ரு காரியத்துக்கு மிகவும் உகந்ததாக நேபாளத்தவர் கருதும் துறை. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு கற்களின்மேல் மெல்ல நடந்து, தண்ணீரில் கால் வைத்தார். குனிந்து கருங்கல் ஒன்றை எடுத்துப் பார்த்தார், சாதாரணக் கல். திரும்ப ஆற்றிலேயே வைத்தார். இமயம் எழுவதற்கு முன் அங்கே கடல் இருந்ததென்றும், அமோனைட் என்னும் கடலுயிரின் கூடு கல்லாகி அதில் பதிந்த சுருளே நாம் சக்கரமாகச் சேவிப்பது என்றும் நிலவியல் அறிஞர்கள் சொல்வதை அவரிடம் சொன்னேன். "அப்படியானால் பாற்கடலிலிருந்துதான் வந்திருக்கிறார்" என்றார். மூன்று நாளில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ராணிபௌவா என்னும் சிற்றூரில் ஜீப் நின்றுவிடும். அதற்கு மேல் அரைமணி ஏற்றம், படிகளும் உண்டு. வயதானவர்கள் மட்டக்குதிரை ஏறிக்கொள்ளலாம். அக்கா குதிரையில் ஏறிய காட்சியை எங்கள் குடும்பத்தில் யாரும் நம்பமாட்டார்கள் என்று என் மனைவி புகைப்படம் எடுத்து வைத்திருக்கிறாள்.

தாரைகளின்கீழ் நீராட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர் நீராடவில்லை. முதல் கோமுகத்திலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றிலும் உள்ளங்கையில் சில துளி ஏந்தித் தலையில் தெளித்துக்கொண்டே ஒரு திவ்ய தேசத்தின் பெயரைச் சொன்னார். திருவரங்கம், திருக்கோழி, திருக்கரம்பனூர்... எங்கள் பின்னால் வந்த இளைஞர்கள் பொறுமையாக ஒதுங்கி எங்களைக் கடந்து போனார்கள். நான் இரண்டு நிமிடத்தில் கடந்த அந்த அரைவட்டத்தைக் கடக்க அக்காவுக்கு முக்கால் மணி நேரம் ஆயிற்று. சந்நிதியில் கைங்கர்யம் செய்யும் பௌத்தப் பிக்குணி அவரை உள்ளே அருகில் வந்து சேவிக்கச் சைகை செய்தார். பௌத்தர்களுக்கும் இது புனிதத் தலம். நம் முக்திநாராயணனை அவர்கள் அவலோகிதேசுவரராக வணங்குகிறார்கள். மொழி தெரியாத இருவரும் கைகூப்பி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது நெடுநேரம் நினைவில் நிற்கும். சற்றுத் தள்ளி, பூமியிலிருந்து கசியும் வாயு நீருக்கருகிலேயே சிறு சுடராக எரியும் ஜ்வாலாமாயி சந்நிதியையும் சேவித்தோம். அக்காவின் விரலில் கருவியை மாட்டினேன், 82. தலைவலி இல்லை. ஆயினும் அதற்குமேல் தாமதிக்கவில்லை, இறங்கிவிட்டோம்.

செல்ல நினைக்கும் அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். மழைக்காலத்தைத் தவிர்த்து, பங்குனி சித்திரையிலோ ஐப்பசி கார்த்திகையிலோ செல்லுங்கள். பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ கையில் இருக்கட்டும். காலையின் முதல் விமானத்தையே கேளுங்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று கணக்கிட்டு ரயிலுக்கு முன்பதிவு செய்யாதீர்கள். இருபுறமும் இரண்டு நாட்கள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். முக்கியமாக, ஜோம்சோமில் ஒரு இரவேனும் தங்காமல் மேலே ஏறாதீர்கள். இரண்டு இரவு தங்க முடிந்தால் இன்னும் நல்லது. "எல்லாவற்றையும் ஒரே நாளில் முடித்துவிடுவோம்" என்று எந்தக் குழுவினர் சொன்னாலும், அதற்கு நீங்கள் இசைய வேண்டியதில்லை. நீரிழிவு, இதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் உயரத்தின் அளவைச் சொல்லிக் கேட்க வேண்டும். மலைக்குப் போகிறேன் என்று மட்டும் சொன்னால் அவர் திருமலை என்று எண்ணிக்கொள்வார்.

எங்கள் விமானம் நான்காம் நாள் காலையில் வந்தது. பொக்கராவில் மேகம் விலகியிருந்ததாம். அக்கா இம்முறையும் ஜன்னலருகே அமர்ந்தார். கீழே ஆறு கண்ணுக்குத் தெரிந்தவரை பார்த்துக்கொண்டிருந்தார். கோரேபானியைத் தாண்டி அது மறைந்ததும், காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, "அத்திம்பேர் ஒருநாளும் திருமஞ்சனத் தீர்த்தத்தைக் கீழே சிந்தியதில்லை, தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். சக்கரம் தரையைத் தொட்டதும் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்தொன்பது நிமிடம் ஆகியிருந்தது.